தவறை முதலில் யார் சொல்வது? லெக்சிங்டன், மிச்சிகன் மருத்துவமனைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு, உள்ளே ஏதோ தவறிவிட்டது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. தினம் இரண்டு வேளை வந்து பேசிய டாக்டர் அன்றைக்கு வரவில்லை. நர்ஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேஸ் ஷீட் இருந்த இடத்தில் இல்லை. "பெரிய டாக்டர் வந்து சொல்வார்" என்ற ஒரே பதிலை நாலு பேரும் சொல்கிறார்கள். தவறு என்ன என்று தெரிவதற்குள் நம்பிக்கை போய்விடுகிறது. அதன்பிறகு எவ்வளவு உண்மை சொன்னாலும் அது மாட்டிக்கொண்டவர் சொல்லும் உண்மையாகத்தான் காதில் விழும்.

நம்பிக்கையைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அளந்து பார்க்கத் தோதான இடம் மருத்துவமனை. ஒரு தரப்புக்கு எல்லாம் தெரியும், மறுதரப்புக்கு ஒன்றும் தெரியாது. உயிர் நடுவில் இருக்கிறது. பின்னால் வழக்கும் நஷ்டஈடும் வருவதால் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையும், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையும் தவறு நடந்தால் தாங்களே முதலில் சொல்வது என்று முடிவெடுத்து, அதை வருடக்கணக்கில் நடத்திக் காட்டின. என்ன செய்தார்கள், எது வேலை செய்தது, எங்கே சறுக்கும் என்பதே இந்த ஆய்வு.

லெக்சிங்டன், 1987

1980களின் நடுவில் லெக்சிங்டன் மருத்துவமனை இரண்டு சிகிச்சைத் தவறு வழக்குகளில் தோற்றது. இரண்டும் சேர்ந்து 15 லட்சம் டாலருக்கு மேல் கைவிட்டுப் போனது. நிர்வாகம் முதலில் யோசித்தது நல்லொழுக்கத்தைப் பற்றி இல்லை. அடுத்த வழக்குக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும் என்பதுதான் எண்ணம். அதற்காக ஒரு குழு அமைத்து, வழக்கு வருமுன்பே ஒவ்வொரு பாதகச் சம்பவத்தையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். தலைமை மருத்துவர் ஸ்டீவ் கிராமன், மருத்துவமனை வழக்கறிஞர் ஜின்னி ஹாம் இருவரும் இதில் முக்கியமானவர்கள்.

விசாரிக்கத் தொடங்கியதும் எதிர்பாராத சிக்கல் வந்தது. ஒரு பெண் நோயாளி இறந்ததற்குக் காரணம் மருந்துத் தவறு என்று குழு கண்டுபிடித்தது. அவருடைய மகள்களுக்கு அது தெரியாது. தாயோடு நெருக்கம் இல்லாதவர்கள், இயற்கை மரணம் என்றே நினைத்திருந்தார்கள். மருத்துவமனை வாயைத் திறக்காவிட்டால் அந்த விஷயம் அங்கேயே புதைந்திருக்கும். குழு அவர்களைக் கூப்பிட்டது. வரும்போது வழக்கறிஞரையும் அழைத்து வரச் சொன்னது. நடந்ததைச் சொல்லி, பொறுப்பை ஏற்று, நஷ்டஈடு கொடுத்து முடித்தது.

இந்த ஒரு சம்பவத்தில் மொத்தக் கொள்கையும் அடங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியவராத தவறைச் சொல்லாமல், மாட்டிக்கொண்ட தவறை மட்டும் ஒப்புக்கொள்வதற்குப் பெயர் சமாளிப்பு. வீட்டில் மறைத்த கடனும் இப்படித்தான்: வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும் முன் கணவன் சொன்ன கடனும், வந்து நின்றபின் சொன்ன கடனும் ஒரே தொகையாக இருக்கலாம், மனைவிக்கு இரண்டும் ஒன்றல்ல.

1990 முதல் 1996 வரையிலான ஏழு ஆண்டுக் கணக்கை கிராமனும் ஹாமும் 1999 டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் 88 நஷ்டஈட்டுக் கோரிக்கைகளுக்குச் சுமார் 13 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டிருந்தது, அதாவது ஒன்றுக்குச் சராசரி 15,000 டாலர் அளவில். மற்ற படைவீரர் மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் லெக்சிங்டனுக்கு வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கை அதிகம், கொடுத்த மொத்தத் தொகை குறைவு. தானாகவே போய்ச் சொன்னால் கேட்பவர்கள் கூடத்தான் செய்வார்கள். ஆனால் ஆத்திரத்தில் கேட்கும் தொகைக்கும் நியாயத்துக்குக் கேட்கும் தொகைக்கும் நடுவே நிறைய இடைவெளி இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. படைவீரர் மருத்துவமனை டாக்டர்மீது நோயாளி தனிப்பட்ட முறையில் வழக்குப் போட முடியாது. வழக்கு மத்திய அரசின்மீதுதான். அந்தப் பாதுகாப்பு இருந்ததால் டாக்டர்கள் துணிந்து பேசினார்கள் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. விமர்சனத்தில் நியாயம் இருந்தது. பதில் மிச்சிகனிலிருந்து வந்தது.

மிச்சிகன், 2001

ரிச்சர்ட் பூத்மன் பல ஆண்டுகள் டாக்டர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர். 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் சட்டப் பிரிவுக்கு வந்தார். அப்போது அங்கே நிலுவையில் இருந்த கோரிக்கைகளும் வழக்குகளும் 262. அன்றுவரை எல்லா இடத்திலும் இருந்த வழக்கமே அங்கும்: மறுத்துவிடு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் வகுத்த கொள்கை மூன்று வாக்கியம். நம்முடைய சிகிச்சை முறையில்லாததாக இருந்து அதனால் கெடுதல் நேர்ந்திருந்தால், விரைவாகவும் நியாயமாகவும் ஈடு கொடுப்போம். சிகிச்சை சரியாக இருந்தால், நம் ஊழியரை விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை வாதாடுவோம். இரண்டிலிருந்தும் கற்று, அடுத்தவருக்கு அது நேராமல் பார்ப்போம்.

பத்திரிகைகள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு "மன்னிப்புக் கேட்கும் மருத்துவமனை" என்று எழுதின. எங்கள் பார்வையில் இந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடித்தது இரண்டாவது வாக்கியம். தொல்லை விட்டால் போதும் என்று தவறில்லாத கேஸிலும் பணம் கொடுக்கும் நிர்வாகத்தை அதன் டாக்டர்களே நம்ப மாட்டார்கள். அமெரிக்காவில் டாக்டர் பெயரில் நஷ்டஈடு கொடுக்கப்பட்டால் அது தேசியப் பதிவேட்டில் ஏறி, அவர் வேலை மாறும் இடமெல்லாம் கூடவே வரும். தன்னை நிர்வாகம் கைவிடும் என்று பயப்படுபவர் தவறு நடந்ததையே மேலே சொல்ல மாட்டார். மேலே தெரியாத தவறைக் குடும்பத்திடம் யார் போய்ச் சொல்வது? உள்ளே இருக்கும் நம்பிக்கை முதலில். வெளியே இருப்பது அதன்மேல்தான் நிற்கும்.

மிச்சிகன் சட்டமும் உதவியது. அங்கே சிகிச்சைத் தவறு வழக்குப் போடுவதற்கு ஆறு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்த ஆறு மாதத்தை வீணாக்கினார்கள். பூத்மனின் குழு விசாரணைக்குப் பயன்படுத்தியது. இன்னொரு வசதி: மருத்துவமனை தன் காப்பீட்டைத் தானே நடத்தியது, டாக்டர்கள் அதன் ஊழியர்கள். பணம் ஒரே பையிலிருந்து போகிறது. டாக்டருக்கு ஒரு காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனைக்கு இன்னொன்று என்று இருக்கும் இடங்களில் யார் ஒப்புக்கொள்வது, யார் கொடுப்பது என்ற இழுபறியிலேயே இந்தத் திட்டம் நின்றுவிடும்.

நடைமுறை

சம்பவம் நடந்ததும் ஊழியர் பதிவு செய்கிறார். தவறுகளையும் கோரிக்கைகளையும் கவனிக்கும் ரிஸ்க் பிரிவில் இருப்பவர், பெரும்பாலும் நர்ஸ் வேலை பார்த்த அனுபவமுள்ளவர், உடனே வார்டுக்குப் போகிறார். நோயாளிக்கு மேற்கொண்டு ஆபத்து வராமல் பார்ப்பது முதல் வேலை. பிறகு மருந்து ஏற்றும் பம்பு, சிரிஞ்சு, மருந்துப் பாட்டில், மானிட்டர் பதிவு எதையும் குப்பையில் போடாமல் எடுத்துவைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நல்ல எண்ணம் உள்ளவர்களே தவறுகிறார்கள்: வார்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சாட்சியத்தைச் சுத்தம் செய்துவிடுவார்கள். கேஸ் ஷீட்டில் பிறகு எதையும் திருத்தவே கூடாது. விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமானால் அன்றைய தேதி, நேரம் போட்டுத் தனியாக எழுத வேண்டும். ஒரு வரி அடித்து எழுதியது தெரிந்தால் மீதி ஐம்பது பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

குடும்பத்தோடு முதல் பேச்சு எவ்வளவு சீக்கிரம்? அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2016இல் வெளியிட்ட 'கேண்டர்' என்ற வழிமுறைத் தொகுப்பு, தவறு தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. அந்த நேரத்தில் முழு உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்ததை மட்டும் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, அடுத்து எப்போது வந்து சொல்வோம் என்று நாளும் நேரமும் குறிப்பது, யாரை எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று ஒரே ஒரு பெயரைக் கொடுப்பது. முதல் பேச்சுக்கு இவ்வளவு போதும்.

விசாரணையில் இரண்டு கேள்விகள். அந்தச் சூழ்நிலையில் சிகிச்சை நியாயமாக இருந்ததா? இல்லையென்றால், நோயாளிக்கு நேர்ந்த கெடுதலுக்கு அது காரணமா? அதே துறையைச் சேர்ந்த, சம்பவத்தில் சம்பந்தப்படாத மருத்துவர்கள் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் வெளியிலிருந்தும் ஒருவர். முடிவு எதுவானாலும் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறார்கள். அவர்கள் வழக்கறிஞரோடு வரலாம். மருத்துவமனை தரப்பில் தவறில்லை என்றால் ஏன் இல்லை என்று கேஸ் ஷீட்டைப் பிரித்து வைத்து விளக்குகிறார்கள். இந்தச் சந்திப்புகளுக்குப் பிறகு வழக்கைக் கைவிட்ட வழக்கறிஞர்களும் உண்டு. அவர்களுக்கும் தோற்கும் வழக்கில் காசு செலவழிக்க விருப்பமில்லை.

சொல்லும் சொற்கள்

இதற்குத்தான் பயிற்சி வேண்டும். "ஒரு காம்ப்ளிகேஷன் ஆயிடுச்சு" என்பது உண்மைபோல ஒலிக்கும் மறைப்பு. தவறு நடந்தபோது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், பிறகு உண்மை தெரியும் நாளில் அதுவும் ஒரு பொய்யாகக் கணக்கில் சேரும். நம் வார்டில் ஒரு மகளிடம் சொல்வதாக வைத்துக்கொண்டால், இப்படி இருக்கலாம்:

"உட்காருங்கம்மா. உங்க அப்பாவுக்கு நேத்து ராத்திரி கொடுத்த மருந்து, கொடுக்கவேண்டிய அளவைவிட அதிகமாப் போயிடுச்சு. அது எங்க தவறு. அதனாலதான் பிரஷர் இறங்கி ஐசியூவுக்கு மாத்தினோம். இப்போ பிரஷர் ஏறிக்கிட்டு வருது. அளவு எப்படி மாறிச்சுன்னு இன்னும் எங்களுக்கே முழுசாத் தெரியலை. விசாரிச்சுக்கிட்டு இருக்கோம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நானே வந்து சொல்றேன். மன்னிச்சுக்குங்க."

இதில் எதுவும் அலங்காரம் இல்லை. என்ன நடந்தது, யாருடைய தவறு, இப்போது நிலை என்ன, அடுத்து எப்போது. "மன்னிச்சுக்குங்க" கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு: எதற்காக என்று தெரியுமுன் கேட்கும் மன்னிப்பு பயத்தைத்தான் கிளப்பும். நர்ஸ் பெயரோ, பயிற்சி டாக்டர் பெயரோ இந்தப் பேச்சில் வரக் கூடாது. முதல் நாளிலேயே ஒருவரைக் காட்டிக்கொடுத்தால், விசாரணையில் காரணம் பம்பின் அமைப்பு என்று தெரியும்போது வார்த்தையை மாற்ற வேண்டியிருக்கும். வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் போக வேண்டும். "இன்னும் முடியலை, சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லவாவது போக வேண்டும். பெரிய தவறு மன்னிக்கப்பட்டு, இந்தச் சின்னத் தவறில் உறவு முறிந்துபோவது உண்டு.

பேச்சின் நேரமும் பொருட்டு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருமுறைகூட வழக்கு வராத பொது மருத்துவர்கள் நோயாளியோடு சராசரி 18.3 நிமிடம் செலவிட்டார்கள். வழக்கு வந்தவர்கள் 15 நிமிடம். வித்தியாசம் மூன்றே நிமிடம்தான். வழக்கு வராதவர்கள் அந்த நேரத்தில் செய்தது, "முதலில் பரிசோதிக்கிறேன், பிறகு பேசுவோம், கேள்விக்கு நேரம் இருக்கும்" என்று அடுத்து நடக்கப்போவதைச் சொன்னது, நோயாளியைப் பேசவிட்டது, கொஞ்சம் சிரித்தது. அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

பில்லிங் கவுன்டர்

திட்டம் கவிழும் இடங்களில் பில்லிங் கவுன்டரும் ஒன்று. மேலே மூன்றாம் மாடியில் டாக்டர் தவறை ஒப்புக்கொள்கிறார். கீழே கம்ப்யூட்டர் அந்தத் தவறால் வந்த ஐசியூ நாட்களுக்கும் சேர்த்துப் பில் போடுகிறது. விசாரணை முடியும்வரை பில்லை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேண்டர் தொகுப்பு இதற்காகவே ஒரு படி வைத்திருக்கிறது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று முன்பே எழுதிவைக்காவிட்டால், சம்பவ நாளில் அது நடக்காது.

அதேபோல, முதல் சந்திப்பிலேயே "இனி கோரிக்கை இல்லை" என்று கையெழுத்து வாங்க முயல்வது. சொன்னதெல்லாம் இந்தக் கையெழுத்துக்காகத்தானா என்று கேட்கவைத்துவிடும். கொலராடோவில் கோபிக் என்ற மருத்துவர் காப்பீட்டு நிறுவனம் 2000இல் தொடங்கிய திட்டத்தில், சிறிய பாதிப்புகளுக்கு 30,000 டாலர்வரை செலவை ஈடுசெய்தார்கள். வாங்கியவர் வழக்குப் போடும் உரிமையை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் வழக்குத் தொடுத்திருந்த 227 நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் கேட்டு 1994இல் வெளியான ஆய்வு இதோடு பொருந்துகிறது. அவர்கள் சொன்ன காரணங்களில் பணம் ஒன்றுதான். இன்னொருவருக்கு இப்படி நேரக் கூடாது, என்ன நடந்தது என்று யாராவது விளக்க வேண்டும், பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும் என்பவை மற்றவை. ஆகவே சில மாதம் கழித்து ஒரு சந்திப்பு தேவை: அடர்த்தியான மருந்துக் கரைசலை வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டோம், அளவை இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள் என்று மாறியதைக் காட்டுவதற்கு. எதுவும் மாறவில்லை என்றால் முன்பு கேட்ட மன்னிப்பு காலாவதியாகிவிடும்.

கணக்கு

மிச்சிகனில் நிலுவை 2001 ஆகஸ்டில் 262ஆக இருந்தது, 2005 ஆகஸ்டில் 114 ஆனது. ஒரு கோரிக்கை முடிய ஆன காலம் 20.7 மாதத்திலிருந்து 9.5 மாதம். வழக்குச் செலவு ஆண்டுக்கு 30 லட்சம் டாலரிலிருந்து 10 லட்சம். 1995 முதல் 2007 வரையிலான தரவை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு லட்சம் நோயாளி வருகைக்குப் புதிய கோரிக்கைகள் 7.03லிருந்து 4.52ஆகவும், வழக்குகள் 2.13லிருந்து 0.75ஆகவும் குறைந்திருந்தன.

இந்த எண்களை அப்படியே மேடையில் வீசக் கூடாது. இது ஒரே நிறுவனத்தின் முன்-பின் ஒப்பீடு. அந்த ஆண்டுகளின் பிற்பகுதியில் மிச்சிகன் மாநிலம் முழுவதுமே வழக்குகள் குறைந்துவந்தன, ஆய்வாளர்களே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: உண்மையைச் சொன்னால் வழக்கு வெள்ளமாக வந்து மருத்துவமனை மூழ்கிவிடும் என்ற பழைய பயம் நிஜமாகவில்லை.

பின்னால் இதைப் பின்பற்றிய இடங்களில் பெரிய கோளாறு, பொறுக்கியெடுப்பது. குடும்பம் ஏற்கெனவே சந்தேகப்பட்ட கேஸில் மட்டும் பேசுவது, பெரிய தொகை வரக்கூடியதை அமுக்கிவிடுவது. பேச்சு நடக்கும், விளக்கம் கிடைக்கும், பணம் மட்டும் வராது என்பதும் உண்டு. இன்னொன்று, தவறு செய்த ஊழியரை மறந்துவிடுவது. அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் இவர்களை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அழைத்தார். அந்த நர்ஸை மறுநாளே அதே வார்டில் அதே மருந்தை எடுக்கவைத்தால் கை நடுங்கத்தான் செய்யும். அடுத்த தவறு அங்கிருந்து வரலாம்.

இங்கே

இந்தியாவில் நிலைமை வேறு. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கும் வரலாம். சாதாரணக் கவனக்குறைவு அதற்குப் போதாது, மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்பது அதே நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. டாக்டர் சொல்லும் மன்னிப்பை அவருக்கு எதிரான சாட்சியமாக்காமல் காக்க, பல அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோன்ற தனிச்சட்டம் இங்கே இல்லை. போதாததற்கு வாசலில் கூட்டம் கூடும் பயம். மருத்துவமனைத் தாக்குதலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தச் சூழலில் "தவறு எங்களுடையது" என்ற வாக்கியத்தை மருத்துவமனையின் வழக்கறிஞரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கலக்காமல் சொல்லச் சொல்வது பொறுப்பற்ற யோசனை. ஆனால் அந்தக் கலந்தாலோசனை சம்பவத்துக்கு முன்பே நடந்து, யார் எதைச் சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வழக்கறிஞரைத் தேடினால், கிடைக்கும் ஆலோசனை "ஒன்றும் பேசாதீர்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

தவறை ஒப்புக்கொள்வதற்கு முன்பே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவற்றுக்குச் சட்டத் தடை எதுவுமில்லை. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகளே சொல்கின்றன. ஐம்பது படுக்கை உள்ள மருத்துவமனை இதிலிருந்து தொடங்கலாம்: கேட்டவரை நாலு முறை அலையவிடாமல், மூன்றாம் நாளுக்குள் நகலை எடுத்து, பக்க எண் போட்டு, சிகிச்சை பார்த்த டாக்டரே எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் புரட்டிக் காட்டிக் கொடுப்பது.